நாலு நிமிஷம் பத்தொன்பது விநாடி

பன்னிரண்டு மணிக்கு வருகிறேன், அதற்குள் ஒரு பதில் யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தனபால் மாடிப்படி இறங்கிப் போனபோது திரையில் மணி பத்து முப்பத்தொன்று. நிஜமான பத்து முப்பத்தொன்று. என் கைக்கடிகாரமும் அதையேதான் சொல்லியது. பதினேழு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு ஜாதகம் அடித்துக் கொடுக்கிறேன், இந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாளும் சரியான மணி காட்டி நான் பார்த்ததில்லை, அதனால் சந்தோஷப்படுவதற்குப் பதிலாகக் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பேச்சே வராத ஆள் திடீரென்று நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேன்சி ஸ்டோருக்கு மேலே, ஒரே அறை. வெளியே 'நவநீதம் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்' என்று போர்டு. நவநீதம் ஐயா போய் மூன்று வருடம் ஆகிறது, போர்டும் கம்ப்யூட்டரும் பொற்கொடி என்கிற நானும் பாக்கி. கம்ப்யூட்டர் தொண்ணூற்றொன்றில் வாங்கியது. இதில் இருக்கிற ஜாதக புரோகிராம் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது, அதை எழுதிக் கொடுத்தவரும் இப்போது இல்லை. செல்போனைத் தட்டினால் ஜாதகம் கொட்டுகிற காலத்திலும் ஆட்கள் படியேறி வருகிறார்கள், "அதுல வர்றது வேறக்கா, இந்தப் பழைய பொட்டியில அடிச்சாத்தான் பலிக்குது" என்கிறார்கள். பலிக்கிறது. எனக்குப் பலித்த மாதிரி யாருக்குப் பலித்தது? சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம், பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

பேட்டரி விஷயம் இதுதான். கரண்டை அணைத்த பிறகும் கடிகாரம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்க இதற்குள் தனியாக ஓர் அட்டை, அந்த அட்டையில் ஒரு சின்ன பேட்டரி. கம்பெனிக்காரன் வைத்த பேட்டரி நான் வருவதற்கு முன்பே ஒழுகிச் செத்துவிட்டது. அது ஒழுகின இடத்தில், புளி போட்டு வைத்து மறந்துபோன செம்புச் சொம்பு மாதிரி, பச்சை பூத்திருக்கிறது, இன்று மூடியைத் திறந்தபோது பார்த்தேன், முன்பு பார்த்ததைவிட ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது, யாரும் பார்க்காதபோது நகர்கிறது போலிருக்கிறது. அதே பேட்டரிதான் வேண்டும் என்றால் மெட்ராஸுக்கு எழுதிப் போட வேண்டும் என்றார்களாம். ஐயா எழுதவில்லை. இரண்டு ஒயரை வெளியே இழுத்து, ரிமோட்டிலிருந்து கழற்றின பிளாஸ்டிக் கூட்டை ஒட்டவைத்து, மூன்று பென்சில் செல்லைப் போட்டார். புதுச் செல் என்றாலாவது பரவாயில்லை. ஐயா சட்டம் வேறு: புதுச் செல் முதலில் டார்ச்சுக்கு, டார்ச்சில் மங்கினால் சுவர்க் கடிகாரத்துக்கு, அங்கே முள் துடித்துத் துடித்து நின்றால் கம்ப்யூட்டருக்கு. "செத்த செல்லுலயும் ரெண்டு உசுரு இருக்கும்த்தா" என்பார். பல்லால் கடித்துப் பார்ப்பார், மொட்டைமாடி வெயிலில் காயவைப்பார். அது நாலு நாள் ஓடும், பிறகு நிற்கும். நின்றுபோனால் மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் தேதி ஒன்று ஒன்று எண்பது, நேரம் நள்ளிரவு பூஜ்யம் மணி என்று ஆரம்பிக்கும். தேதி சரியா என்று கேட்கும், நேரம் சரியா என்று கேட்கும். ஐயா தேதியை மட்டும் அடிப்பார். அதை அடிக்காவிட்டால் எண்பதுக்குப் பிறகு பிறந்த யாருக்குப் பலன் கேட்டாலும் 'ஜாதகர் இன்னும் பிறக்கவில்லை' என்று திரையில் வந்து நிற்கும், ஜாதகர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார், நாங்கள் சிரிப்போம். நேரத்துக்கு மட்டும் வெறும் என்டர். மணியை வைத்துக்கொண்டு நாம் என்ன ரயிலா பிடிக்கப் போகிறோம் என்பார். நானும் அப்படியே பழகிவிட்டேன், தேதி, என்டர், வெறும் என்டர், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருகிற மாதிரி கை தானாகச் செய்யும்.

போன வாரம் அந்தக் கூட்டிலும் செல் ஒழுகிவிட்டது. கீழே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற தனபால்தான் காலையில் வந்து அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, காசு மாதிரி வட்டமாக இருக்கிற பேட்டரி ஒன்றை வைத்துப் பற்றவைத்து, சரியான மணியையும் அடித்து வைத்தார். அதற்கான பிடிகூட எங்கிருந்தோ பழைய அட்டையில் கழற்றினது. ஈயம் உருகின புகை இன்னும் அறைக்குள் நிற்கிறது. நடுவில் கடுகளவு கறுப்பாக ஒன்றை வைத்தாரே, அது என்ன என்று கேட்டேன்.

"டயோடுங்க. இது சார்ஜ் ஏத்துற பேட்டரி இல்ல. அட்டையிலருந்து கரண்ட்டு இதுக்குள்ள திரும்பி வந்துச்சுன்னா உப்பி வெடிச்சிரும். இது இருந்தா போகும், திரும்பி வராது."

"எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"பத்து வருசம் தாங்கும். அதுக்குள்ள நம்ம ரெண்டு பேருக்குமே அம்பது தாண்டிரும்."

சொல்லிவிட்டுக் காது சிவந்துபோய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார், அது அவர் கையில்தான் இருந்தது. நாற்பத்தேழு வயது, பெண்சாதி போய் ஆறு வருடம், பிள்ளை கிடையாது. இத்தனை வருடமாக அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் வந்து, கட்டிக்கொள்ளலாமா என்று நேருக்கு நேராகக் கேட்ட பிறகு அண்ணே என்று கூப்பிட வாய் வரவில்லை, வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை, நாலு மாதமாக அவருக்கு என்னிடம் பெயரே இல்லை, 'இங்க பாருங்க', 'அதக் கொஞ்சம் குடுங்க' என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் ஆசைதான். சொல்வதற்கு என்ன வெட்கம், நாற்பத்தொரு வயதில். அவர் படியேறி வருகிற சத்தம் எனக்குத் தெரியும், மூன்றாவது படியில் ஒரு நொடி நிற்பார். ஆனால் அவருக்கு அம்மா இருக்கிறார். எனக்கு ஆயில்யம் இருக்கிறது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பது இந்த ஊரில் பால் பாக்கெட் போடுகிறவனுக்குக்கூடத் தெரியும். அவர் அம்மாவுக்கு அங்கம்மா என்று பெயர், எழுபத்தெட்டு வயது, கோயிலுக்குப் போகிற வழியில் கீழே நின்றபடியே என்னைப் பார்த்துக் கையாட்டுவார். நான் ஆயில்யம் என்று தெரிந்ததும் அவர் சொன்னதைத் தனபால் அப்படியே என்னிடம் வந்து சொன்னார்: "சுகரு, பிரசரு, முட்டுவலி எல்லாம் என்னையக் கூட்டிட்டுப் போக வரிசையில நிக்குதுடா, ஆயில்யத்தையும் கடைசியில போயி நிக்கச் சொல்லு." நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

ஏனென்றால் இவர்களுக்குத் தெரிந்தது பழமொழி மட்டும்தான், எனக்குத் தெரிந்தது சிவகாமியம்மாள். இருபது வருடம் ஆகிறது. ரவீந்திரன் என்று மாப்பிள்ளை, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, அவன் முகம் இப்போது சரியாக நினைவில்லை, அவன் அம்மா சிவகாமியம்மாளின் கைதான் நினைவிருக்கிறது. எங்களுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க என்று அந்த அம்மா சொன்னார்கள். தட்டு மாற்றின அன்றைக்கு அவர்களே என் தலையில் பூ வைத்தார்கள், பூ நனைந்திருந்ததால் கை சில்லென்று இருந்தது, பின்கழுத்தில் பட்டது, "என் மருமக எப்படிச் சூடா இருக்கா பாரு" என்று சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்கள், சூடு பிடித்துக்கொள்கிற மாதிரி. ஒன்பதாம் நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கேஸ் வாடை அடித்துத்தான் ஆட்கள் ஓடினார்களாம். நானும் அப்பாவும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். வாசலில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள், "நீ உள்ள வராத தாயி, இருக்குறவங்களும் இருக்கணும்ல" என்றாள், கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. அந்தக் குரலில் இருந்த பயம், என்னைப் பார்த்து ஒருத்தி பயந்தது, அதுதான் எனக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அப்பா இரண்டு இடம் பார்த்தார், இரண்டிலும் அம்மா இருந்தார்கள், நானே மாட்டேன் என்றுவிட்டேன். அப்பாவும் போன பிறகு, ஆயில்யம் என்று அடித்துத் தந்த இயந்திரம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க இங்கே படியேறி வந்தேன். ஐயா, டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். மறுநாளிலிருந்து இங்கேதான்.

இன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். தனபால் போகும்போது, எல்லாம் ஓடுகிறதா என்று ஒரு புது ஜாதகம் போட்டுப் பாருங்கள், பழைய ஃபைல் ஒன்றையும் திறந்து பாருங்கள் என்றார். புது ஜாதகத்தில் பெயர் என்று கேட்ட இடத்தில் சோதனை என்று அடித்தேன், பிறந்த தேதிக்கு இன்றைய தேதி, பிறந்த நேரம் என்ற இடத்தை அடிக்காமல் என்டரைத் தட்டினேன். நேரம் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் செய்வோம். "தெரியலன்னா விட்ரு, அது எடுத்துக்கும்" என்பார் ஐயா. அது எதை எடுத்துக்கொள்ளும் என்று நான் கேட்டதே இல்லை, சாஸ்திரத்தில் அதற்கென்று ஏதாவது கணக்கு இருக்கும், சூரிய உதயமோ உச்சிப் பொழுதோ எடுத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். இன்றைக்குக் கட்டத்தில் 10:33:52 என்று வந்து நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து முப்பத்து மூன்று. இது எடுத்துக்கொள்வது சாஸ்திரத்தை இல்லை, தன்னுடைய கடிகாரத்தை. சரி, இப்படியா சங்கதி என்று கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. பிறகு பழைய ஃபைல் ஒன்று திறக்க வேண்டுமே, ஏதோ ஒரு எண்ணை அடிப்போம் என்று அடித்தேன், பன்னிரண்டு மணிப் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை போனது 2216-க்கு. அது என்னுடையது. பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட நான் திறக்காதது. து. பொற்கொடி, தகப்பனார் துரைப்பாண்டி, பிறந்த நேரம் 00:04:19.

பத்தொன்பது. தாளில் அச்சாகும்போது மணியும் நிமிடமும்தான் வரும், விநாடி வராது, திருத்துகிற பக்கத்தைத் திறந்தால்தான் தெரியும். நாங்கள் அடிப்பதில் விநாடி எப்போதும் பூஜ்யம். எந்த மருத்துவச்சி விநாடி சொல்வாள்? எங்கள் வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவம், அம்மா நான் நடக்கும் முன்னமே போய்விட்டாள், அத்தை வத்தலக்குண்டிலிருந்து மூன்றாம் நாள் வந்தவள், அப்பா மில்லில் ஷிஃப்டில் இருந்தார். யாருக்கும் நேரம் தெரியாது என்பது எனக்கு இந்த நிமிடம்தான் தெரிகிறது. நான் நள்ளிரவில் பிறந்தவள் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன், ஜாதகத்தில் அப்படி இருந்தது, அதனால் எனக்கு அந்த இரவே நினைவிருக்கிறது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், மழை, வெந்நீர்ப் பானையின் ஆவி, மருத்துவச்சியின் வளையல் சத்தம், எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன், எங்கிருந்து பார்த்தேன், அப்படி ஓர் இரவே கிடையாது. செல் செத்துப்போன காலையில் இது நள்ளிரவிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஐயா ஒன்பது மணிக்குக் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார், தேதி, என்டர், வெறும் என்டர், ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார். அதற்குள் அப்பா வந்து நின்றிருக்கிறார். நாலு நிமிடம் என்றால் அன்றைக்கு முதல் ஆள் அப்பாதான். நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குக்கூட வராமல் நேராக, தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டினபடியே, மகளுக்கு ஜாதகம் எழுத. பிறந்த நேரம் என்று ஐயா கேட்டிருப்பார். "அது தெரியாதுங்களே" என்று அப்பா தலையைச் சொறிந்திருப்பார். ஐயா என்டரைத் தட்டினார். அந்த விநாடியில் நான் ஆயில்யத்தில் பிறந்தேன், இருபத்தோராவது வயதில், இந்த அறையில், இந்த மேஜைமேல்.

பயம் என்றால் இதுவரை எனக்கு நெஞ்சில்தான் வரும், இது முதுகில் வந்தது. நான் மட்டும்தானா? அம்புக்குறி விசையை அழுத்தி ஃபைலைத் திருப்ப ஆரம்பித்தேன், 2217, 2218, எல்லாவற்றிலும் விநாடி பூஜ்யம், பூஜ்யம், அப்பாடா என்று இருந்தது, பிறகு ஒரு ராமலிங்கம், 00:51:08. ஒரு ஜெயசுதா, 01:13:44. நேரம் தெரியாமல் வந்தவர்கள் எல்லோரும் நள்ளிரவுக்குப் பிறகு, கடை திறந்த நொடியிலிருந்து எண்ணின கணக்கில் பிறந்திருக்கிறார்கள், மத்தியானம் ஐயா சாப்பிடப் போகிற ஒன்றிலிருந்து இரண்டு இதற்கு விடியற்காலம் நாலிலிருந்து ஐந்து, அதற்குள் ஒருவர்கூடப் பிறக்கவில்லை. நூறு பேரைத் திருப்பியதில் ஏழு பேர். பிறகு 2540-க்குத் தாவினேன், அது நான் வேலைக்கு வந்த பிறகு, அங்கே செல்வராணி, 00:11:40. அந்தப் பெண்ணை எனக்கு நினைவிருக்கிறது, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அவள் அம்மா நேரம் தெரியாதும்மா என்றார், நான்தான் என்டரைத் தட்டினேன், என் விரல்தான், இதோ இந்த விரல். அவளுக்கு என்ன அமைந்தது, அவள் வாழ்கிறாளா, யாராவது அவளை வாசலில் நிறுத்தினார்களா? நாளைக்கே இவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? ஐயா, நீங்கள் பிறந்ததில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, டார்ச் லைட்டில் மங்கின செல்லைப் போட்டுவிட்டோம். திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, ஆனால் இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, எல்லோரும் என் முதுகையே பார்க்கிற மாதிரி, எல்லோரும் இங்கே பிறந்த பிள்ளைகள்.

மணி பதினொன்று பத்து. ஜன்னலுக்கு வெளியே கண்டக்டர் வத்தலக்குண்டு வத்தலக்குண்டு என்று கத்துகிறான், பேன்சி ஸ்டோரில் பொம்மை நாய் ஒன்று குரைக்கிறது, உலகம் அது பாட்டுக்கு இருக்கிறது. அப்படியானால் நான் எந்த நட்சத்திரம்? என் ஃபைலைத் திரும்ப எடுத்து நேரத்தை மாற்றி மாற்றி அடித்தேன். காலை ஆறு, ஆயில்யம். எட்டு, ஆயில்யம். பத்து என்று அடித்தேன், மகம். மத்தியானம், மகம். சாயங்காலம், ராத்திரி, எல்லாம் மகம். மகம் ஜகத்தை ஆளுமாம். நகர்த்தி நகர்த்தி விளிம்பைப் பிடித்தேன், ஒன்பது பத்தொன்பது வரை ஆயில்யம், ஒன்பது இருபதுக்கு மகம், ஒரு நிமிடத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் கொலைகாரி, அந்தப் பக்கம் நின்றால் ராணி. இருபத்து நாலு மணி நேரத்தில் பதினாலரை மணி நேரத்துக்கு மேல் எனக்கு மகம்தான். இப்போது ஒரு விசையைத் தட்டினால் போதும், சேமிக்கவா என்று கேட்கும், ஆம் என்றால் நான் மகம், தாளில் அடித்து எடுத்துக்கொண்டு தனபாலிடம் நீட்டலாம், உங்கள் அம்மாவுக்கு என்னால் ஒன்றும் ஆகாது என்று. விரலை வைத்தேன். தட்ட முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்தால் அங்கேதான் சிவகாமியம்மாள் நிற்கிறார்கள். என் பின்கழுத்தில் சில்லென்று அந்தக் கை. நான் மகம் என்றால் அவர்களை நான் கொல்லவில்லை. சந்தோஷம்தானே, இருபது வருடமாகச் சுமந்ததை இறக்கி வைக்க வேண்டியதுதானே, ஆனால் இறக்கி வைத்தால் அந்த இருபது வருடம் என்ன ஆகிறது? பாவம் செய்தேன், அதற்குத் தண்டனை அனுபவித்தேன் என்றால் அதில் ஒரு நியாயம் இருந்தது. பாவமே செய்யாமல் அனுபவித்தேன் என்றால் அது யார் கணக்கு? மூன்று பென்சில் செல். ஒரு மனுஷியைக் கொன்றவளாக இருப்பதே மேல், செத்த செல்லுக்குத் தாலியைக் காவு கொடுத்த முட்டாளாக இருப்பதற்கு, என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். நினைத்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அம்மா செத்ததை எனக்குச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேனா? அவர்களுக்கு நெஞ்சு வலித்திருக்கும், யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள், பால் பொங்குகிற சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, அது அவர்களுடைய சாவு, அதில் நான் எங்கே வந்தேன்? இதைக்கூட இருபது வருடத்தில் ஒரு தடவை நான் நினைத்துப் பார்க்கவில்லை, அவர்களுக்காக நான் அழவேயில்லை, எனக்காகத்தான் அழுதிருக்கிறேன். இப்போது அழுதேன். ஈயப் புகை கண்ணைக் கரிக்கிறது என்று யாராவது வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

யாரும் வரவில்லை. திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது, பத்து வருடத்துக்கு நிற்காது என்றாரே. விநாடி பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. பத்தொன்பதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகட்டும் என்று கொஞ்ச நேரம் வேறு எங்கோ பார்த்தேன், கண் தானாகத் திரும்பியது, மறுபடி பதினெட்டு, பத்தொன்பது. நிமிடத்துக்கு ஒரு தடவை நான் பிறக்கிறேன். நிமிடத்துக்கு ஒரு தடவை அப்பா அது தெரியாதுங்களே என்கிறார், ஐயாவின் விரல் இறங்குகிறது. கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம் என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன், அணைத்தாலும் உள்ளே ஓடிக்கொண்டுதானே இருக்கும், அதற்குத்தானே காலையில் அவ்வளவு பாடுபட்டார், இனி இது நிற்கவே நிற்காது, இருட்டுக்குள் அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பத்தொன்பது பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருக்கும். கையை எடுத்துவிட்டேன். ஃபைலை சேமிக்காமல் மூடினேன். 00:04:19 அப்படியே இருக்கட்டும். மகம் என்று மாற்றினால் அதுவும் நானாகத் தட்டின என்டர்தான், அதற்கும் ஒரு பழமொழி வந்து நிற்கும். பயம் போய்விட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போகவில்லை. நட்சத்திரம் பொய் என்று தெரிந்துவிட்டது, பயம் மட்டும் நட்சத்திரம் இல்லாமலே அப்படியே நிற்கிறது. அந்த வீட்டுக்கு நான் போனால் அங்கம்மா ஒவ்வொரு தடவை இருமும்போதும் நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டுவேன். எழுபத்தெட்டு வயது, நிச்சயம் ஒரு நாள் போவார், அன்றைக்கு வாசலில் ஒருத்தி என்னைப் பார்ப்பாள், அந்தப் பார்வையை நான் தாங்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் இதெல்லாம் இல்லை. அவர் கீழே ரேடியோ பார்ப்பார், நான் மேலே ஜாதகம் அடிப்பேன், பத்து வருடம் கழித்துப் பேட்டரி மாற்ற மறுபடி படியேறி வருவார். மூன்றாவது படியில் ஒரு நொடி நின்று. அதை நினைத்ததும் வந்த பயம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் படியில் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நின்றது, பிறகு மேலே வந்தது. தனபால் சட்டை மாற்றியிருந்தார், தலை வாரியிருந்தார், உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"டைம் சரியா ஓடுதுங்களா?"

"ஓடுது."

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"புகை."

தனபால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உள்ளங்கையைப் பேன்டில் துடைத்தார், மறுபடி துடைத்தார். விநாடி, நேரம், நள்ளிரவு, அப்பா, எல்லாம் எனக்குத் தொண்டைவரை வந்தது, எங்கிருந்து ஆரம்பித்தாலும் சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகும் போலிருந்தது. அதற்குள் அவர் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, "அம்மாதான். பன்னெண்டு மணிக்குன்னு சொல்லி வச்சிருந்தேன், அது பொறுக்குமா" என்று சங்கடமாகச் சிரித்து, அணைக்கப் போனார். நான் கையை நீட்டினேன். கொடுத்தார். போன் அவர் கைச் சூட்டோடு இருந்தது. இத்தனை வருடமாகக் கீழே நின்று கையாட்டுகிற அந்த அம்மாவிடம் நான் ஒரு தடவைகூடப் போனில் பேசினதில்லை, ஹலோ என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆரு, கொடியா?" மூச்சு வாங்கியது அவருக்கு, நெஞ்சுக்குள் சளி கரகரத்தது, நான் அதைத்தான் முதலில் கேட்டேன். "அவன் வாயத் தொறந்திருக்க மாட்டான், எனக்குத் தெரியும். நீயே சொல்லுத்தா. ஒரே வார்த்தை. நான் இருக்கவா, போகவா?"

தனபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறேன் என்று சொல்கிறவரை எனக்குத் தெரியாது.

"இருங்க அத்தை" என்றேன்.

தனபால் தலையை நிமிர்த்திப் பார்த்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், தூரத்தில் ஒரு ஃபேன் சுற்றுகிற சத்தம், அதற்கு நடுவில் மூச்சு ஒன்று உள்ளே போனது, எனக்கு ரொம்ப நேரம் போலிருந்தது, வெளியே வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.